கோணமாமலைத் தரிசனம்

ஒரு தலத்தின் பழைமையை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அதன் கட்டடங்களையே முதலில் நோக்குவர். விமானத்தின் உயரமும், தூண்களின் வேலைப்பாடும், சுவரிலே வெட்டப்பட்ட சாசனங்களும் அவர்களுக்கு அளவுகோல்களாக அமைகின்றன. தஞ்சையிலும் சிதம்பரத்திலும் இவ்வளவுகோல்கள் நன்கு பயன்படும். ஈழத்தின் கீழ்க்கரையில், திருகோணமலைத் துறைமுகத்துக்கு அணித்தாகக் கடலினுள் நீண்டு நிற்கும் கோணமாமலையிலோ அவை பயன்படுவதில்லை. அங்கே இன்று காணப்படும் கோயிலுக்கு 1963ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3ஆம் நாளன்றுதான் குடமுழுக்கு நிகழ்ந்தது. அதற்கு முந்திய மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அம்மலையுச்சியில் கோயில் என்று சொல்லத்தக்க கட்டடம் எதுவும் இருந்ததில்லை. இருந்தும் அத்தலத்தை நாடி வந்த அடியார் கூட்டம் ஒருபோதும் அற்றுப்போகவில்லை. கோயில் இல்லாத காலத்திலும் கோயிலாகவே விளங்கிய அவ்விடத்தின் வரலாறு, சமயப் பற்றுடையோர்க்கு மட்டுமன்றி, மனித உள்ளத்தின் இயல்பை அறிய விரும்பும் எவர்க்கும் சிந்தனைக்குரியதாகும்.

திருகோணமலை நகரிலிருந்து கோணேசர் கோயிலை நோக்கிச் செல்லும் யாத்திரிகர் முதலிலே காண்பது கோபுரத்தையன்று. ஒரு கோட்டையின் வாயிலையே காண்கிறார். பிரெடரிக் கோட்டை என்பது அதன் பெயர். உலகத்தின் பிற பாகங்களில் கோட்டைக்குள்ளே அரசனுடைய மாளிகையை அடுத்துக் கோயில் அமைந்திருப்பதுண்டு. இங்கே முறை வேறு. கோயிலை இடித்த கற்களைக் கொண்டு எழுப்பிய கோட்டையினூடாகவே கோயிலுக்குச் செல்லவேண்டியிருக்கிறது. அவ்வாயிலின் கல்லில் இரு மீன் வடிவங்கள் பொறிக்கப்பட்டிருப்பதை உற்று நோக்குவோர் காணலாம். மீன் பாண்டியரின் இலச்சினை. அதனோடு ஒரு தமிழ்ச் செய்யுளின் சிதைந்த வரிகளும் அக்கல்லில் உள்ளன. முன்னொரு காலத்தில் கோயிலின் பகுதியாயிருந்த கல், பின்னர்க் கொத்தளத்தின் பகுதியாகி, இன்று வழிப்போக்கர்க்குத் தன் பழங்கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

வாயிலைக் கடந்தால் நிழல்தரும் மரங்கள் செறிந்த பாதை மெல்ல மேலேறுகிறது. புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்ந்து திரிகின்றன. பழைய படைமனைகளும் அலுவலகங்களும் இருபுறமும் தோன்றுகின்றன. பாதை வளைந்து வளைந்து செல்ல, மரங்களின் இடையே கடலின் நீலம் ஒருகால் வலப்புறத்திலும் ஒருகால் இடப்புறத்திலும் தென்படுகிறது. உச்சியை அணுகும்போது காற்று வலுக்கிறது, பேச்சுக் குறைகிறது. முடிவிலே நிலம் திடீரென நின்றுவிட, எதிரே எல்லையற்ற வங்கக் கடலும் அதன்மேற் கவிந்த வானமுமே எஞ்சுகின்றன. பல பனையுயரம் செங்குத்தாக இறங்கும் பாறையின் அடியில் அலைகள் மோதும் ஓசை மேலே கேட்கிறது. அவ்விடத்தில் முதன்முறை வந்து நிற்பவர், எச்சமயத்தவராயினும், சற்று நேரம் வாய்திறவாது நிற்பதைக் காணலாம். கோயில் எழுவதற்கு முன்பே மனிதர் இவ்விடத்தைக் கைகூப்பி வணங்கியிருப்பர் என்று எண்ணுவதற்கு இக்காட்சியொன்றே போதுமான காரணமாகும்.

இத்தலத்தின் தொன்மையை எடுத்துரைக்கும் சான்றுகளில் ஒன்று பாளிமொழியிலுள்ள மகாவம்சமாகும். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட மகாசேன மன்னன் கோகர்ணத்திலிருந்த தேவாலயம் உட்பட மூன்று தேவாலயங்களை அழித்து விகாரைகளை அமைத்தான் என்று அந்நூல் கூறுகிறது. அத்தேவாலயங்கள் சிவலிங்கம் தாபிக்கப்பெற்ற இடங்கள் என்று பிற்காலத்து உரைநூல் விளக்கந் தருகிறது. கோகர்ணம் என்பது திருகோணமலையின் பழம்பெயர் என்பது அறிஞர் கொள்கை. பௌத்த சங்கத்தின் வரலாற்றைப் பேண எழுந்த நூலொன்று தன் போக்கிலே குறித்துவைத்த இச்செய்தி, சைவர்கள் தம் தலத்தைப் புகழ்ந்து எழுதியவற்றினும் ஒருவகையில் வலிமை மிக்க சான்றாகும். அழிக்கப்பட்டது என்ற செய்தியிலிருந்தே அதற்கு முன்னர் அது நிலைபெற்றிருந்தமை புலனாகிறது. கோணேச்சரத்தின் வரலாறு எழுத்திலே தோன்றும்போதே ஓர் அழிவின் கதையாகத் தோன்றுவது குறிக்கத்தக்கது. பின்னரும் அவ்வாறே நிகழவிருந்தது.

ஏழாம் நூற்றாண்டிலே இத்தலத்துக்கு வேறொரு வகையான உறுதி கிடைத்தது. திருஞானசம்பந்தர் கோணமாமலையின் மீது பாடிய பதிகம் மூன்றாந் திருமுறையில் இடம்பெற்றிருக்கிறது. ஈழநாட்டிலே தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு. ஒன்று மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம், மற்றது இது. முழங்கும் கடல் முத்துக்களைச் சுமந்து வந்து கரையிலே கொழிப்பதையும், குடிகள் நெருங்கிப் பெருகி வாழ்வதையும் சம்பந்தர் தம் பதிகத்திலே எடுத்துப் பேசுகிறார். வெறும் மலைமுகட்டில் தனித்து நின்ற கோயிலையன்றி, வணிகமும் மக்கட் பெருக்கமும் சூழ்ந்த துறைமுகப் பட்டினத்தின் கோயிலையே அவர் பாடினார் என்பது இதனால் விளங்கும்.

இங்கே மற்றொரு செய்தியும் கருதற்பாலது. சம்பந்தர் கடல் கடந்து ஈழத்துக்கு வந்தவரல்லர். இராமேச்சுரத்தை அடைந்து, அங்கிருந்தவாறே ஈழத்துத் தலங்களிரண்டையும் நினைந்து பாடினார் என்று சேக்கிழார் பெரியபுராணத்திலே கூறுகிறார். கண்ணாற் காணாத மலையைக் கருத்தாற் கண்டு பாடிய பாடலே இத்தலத்துக்கு நிலையான புகழைத் தந்தது. ஈழத்திலிருந்து இராமேச்சுரத்துக்கு வந்த வணிகரும் அடியாரும் அத்தலத்தின் சிறப்பை அவருக்கு எடுத்துரைத்திருத்தல் கூடும். எங்ஙனமாயினும், தலத்தின் சாந்நித்தியம் கல்லிலும் சுதையிலும் மட்டும் அடங்குவதன்று என்பதற்கு அப்பதிகம் எழுந்த வகையே ஒரு முன்னடையாளமாக அமைந்துவிட்டது. எட்டு நூற்றாண்டுகளின் பின்னர் அருணகிரிநாதரும் திருகோணமலையைத் திருப்புகழிலே பாடினார்.

தலபுராணங்கள் கூறும் கதை இதனினும் விரிவானது. ஆதிசேடனுக்கும் வாயுதேவனுக்கும் இடையே எழுந்த பலப்பரீட்சையிலே மேருவின் சிகரங்கள் மூன்று பெயர்ந்து வீழ்ந்தன என்றும், அவற்றுள் ஒன்று காளத்தியாகவும் ஒன்று திரிசிராமலையாகவும் மற்றது கோணமலையாகவும் அமைந்தன என்றும் புராணம் பேசும். அதனாலேயே இது தட்சிண கைலாசம் எனப்படுகிறது. மலையின் ஒரு பக்கத்தே பாறை பிளந்து ஆழ்ந்த இடைவெளியொன்று காணப்படுகிறது. அதனை இராவணன் வெட்டு என்பர். தன் தாய் வழிபடுதற்பொருட்டு மலையையே பெயர்த்துச் செல்ல முயன்ற இராவணனின் வாள் பட்ட இடம் அது என்பது மக்கள் நம்பிக்கை. பாறை இயற்கையாகப் பிளந்த காரணத்தை நிலவியலார் கூறுவர். யாத்திரிகரோ அவ்விரண்டையும் கேட்டுத் தலையசைத்து, வெட்டின் விளிம்பிலே நின்று கீழே நோக்கி ஒருகணம் நடுங்கி, பின்னர்க் கோயிலை நோக்கித் திரும்புகிறார்.

கோணேச்சரத்துத் திருப்பணி என்றவுடன் ஈழத்தமிழர் நினைவுக்கு வரும் பெயர் குளக்கோட்டன் என்பது. சோழ நாட்டிலிருந்து வந்த அவ்வரசன் கோயிலைக் கட்டினான். கோயிலுக்குரிய வயல்களுக்கு நீர் பாய்ச்சக் கந்தளாயிலே குளத்தைக் கட்டினான். கோயிற்பணிக்கெனக் குடிகளை வருவித்துத் தொழில்களை வகுத்தான். இவ்வாறு கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. பெயரால் கல்வெட்டு எனப்படினும் அது கல்லில் வெட்டப்பட்டதன்று. ஏட்டில் எழுதப்பட்ட நூலே. கவிராசவரோதயர் அதனை இயற்றினார் என்பர். யார் எப்பூசைக்கு எப்பொருளைக் கொண்டுவருதல் வேண்டும், யாருக்கு எவ்வரிசை உரியது, எந்த வயலின் நெல் எதற்குச் செலவாதல் வேண்டும் என்பவற்றையெல்லாம் நுணுகி வகுத்துரைக்கும் அந்நூல், ஒரு பெருங்கோயிலைச் சுற்றி ஒரு நாட்டின் வாழ்வே அமைந்திருந்தமையைக் காட்டுகிறது.

வரலாற்றாசிரியர் இக்கதையை அவ்வாறே ஏற்றுக்கொள்வதில்லை. கந்தளாய்க் குளத்தை ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னனுடைய பணியாகச் சூளவம்சம் கூறுகிறது. இனி, கோட்டைக்குள்ளே கண்டெடுக்கப்பட்ட வடமொழிச் சாசனம் ஒன்று கிரந்த எழுத்தில் அமைந்துள்ளது. சகவருடம் 1145, அதாவது கி.பி. 1223, என்ற காலக்குறிப்போடு சோடகங்கன் என்னும் ஒருவனது பெயரும் கோகர்ணம் என்னும் இடப்பெயரும் அதிலே காணப்படுகின்றன. குளக்கோட்டன் என மக்கள் போற்றும் தலைவன் இச்சோடகங்கனே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அவ்வாறாயின் குளக்கோட்டன் கோயிலை முதன்முதற் கட்டியவனல்லன். முன்பே புகழ்பெற்றிருந்த தலத்துக்குத் திருப்பணி செய்தோருள் ஒருவன் என்பது பெறப்படும். குளம் கட்டியவர், கோயில் கட்டியவர், குடியேற்றியவர் எனப் பல நூற்றாண்டுகளிலே வாழ்ந்த பலருடைய பணிகளை மக்கள் ஒரே பெயரிலே குவித்துவைத்தனர். குளத்தையும் கோட்டத்தையும் ஒருங்கே சுட்டுவதாகக் கொள்ளப்படும் அப்பெயரும் அதற்கு இசைவாயிற்று.

சோழராட்சிக் காலத்தே கோயிலின் செல்வநிலை எத்தகையது என்பதை நிலாவெளியிற் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ச் சாசனமொன்றினால் ஒருவாறு அறியலாம். இராசராசன் காலத்தில், கி.பி. 993ஆம் ஆண்டளவில், ஈழத்தின் வடபகுதி சோழர் வசமாயிற்று. 1070ஆம் ஆண்டுவரை அவராட்சி நிலைத்தது. எழுத்தமைதி கொண்டு அக்காலப் பகுதியைச் சேர்ந்ததாக மதிக்கப்படும் அச்சாசனம், திருக்கோணமலையில் மச்சகேஸ்வரமுடைய மகாதேவர்க்கு 250 வேலி நிலம் அளிக்கப்பட்டமையைக் கூறுகிறது. ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர் எனக் கொண்டால், அந்நிலம் ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்டதாகும். ஒரே நிவந்தத்திலே இத்துணை நிலத்தைப் பெற்ற கோயில் எத்தகையதாய் இருந்திருத்தல் வேண்டும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். மச்சம் என்னும் சொல் மீனைக் குறிப்பது. மச்சகேஸ்வரம் என்பது அம்மலையிலமைந்த ஆலயத்துக்கு அன்று வழங்கிய பெயர்களுள் ஒன்று போலும்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையின்மேல் மூன்று ஆலயங்கள் இருந்தன என்பதைக் கோயிலை இடித்தவர்களின் சமயத்தவரே எழுதிவைத்துள்ளனர். போர்த்துக்கேயப் பாதிரியாராகிய குவேறோஸ் சுவாமியார் 1688ஆம் ஆண்டளவில் கோவை நகரிலிருந்து எழுதிமுடித்த இலங்கை வரலாற்றிலே, மலையேறும் வழியின் தொடக்கத்தில் ஒன்றும், நடுவில் ஒன்றும், கடலை நோக்கிய உச்சியிலே தலைமையான மற்றொன்றுமாக மூன்று கோயில்கள் இருந்தன என்று கூறுகிறார். இத்தலத்தைக் கீழைத்தேசத்துப் புறச்சமயத்தவரின் உரோமாபுரி என்றும் அவர் குறிப்பிட்டார். பகைமையோடு நோக்கிய கண்ணும் அதன் பெருமையை மறைக்கவியலாது போயிற்று. கத்தோலிக்கருக்கு உரோமாபுரி எத்தகையதோ, அத்தகைய தலம் ஒன்று இம்மலையில் இருந்தமையை அவ்வொரு தொடர் ஒப்புக்கொள்கிறது.

அப்பெருமையே அதன் அழிவுக்கும் காரணமாயிற்று. ஆழமும் அரணும் பொருந்திய திருகோணமலைத் துறைமுகத்தைக் கைப்பற்றுவோரே கீழ்க்கடலை ஆள்வர் என்பதைப் போர்த்துக்கேயர் உணர்ந்திருந்தனர். கண்டி மன்னன் அத்துறைமுகத்தின் வாயிலாக வேறு ஐரோப்பியரின் துணையைப் பெறக்கூடும் என்ற அச்சமும் அவர்களுக்கிருந்தது. அக்காலத்திலே தளபதியாயிருந்த கொன்ஸ்தந்தீனு த சா, 1622ஆம் ஆண்டுக்கும் 1624ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் கோயில்களை இடித்து, அக்கற்களைக் கொண்டு மலையின் அடிவாரத்திலே கோட்டையை எழுப்பினான். சித்திரைப் புத்தாண்டு நாளில், சுவாமி திருவீதியுலாவுக்கு எழுந்தருளிய வேளையிலே, போர்வீரர் அந்தணர் வேடம் பூண்டு உட்புகுந்தனர் என்பது திருகோணமலை மக்களிடையே வழிவழி வரும் செய்தி. சுமந்து செல்லக் கூடியன கோட்டைச் சுவருக்குச் சென்றன. சுமக்க முடியாதவை பாறையிலிருந்து கடலினுள் உருட்டப்பட்டன.

அந்நாளிலே கோயிலைச் சார்ந்தோர் என்ன செய்தனர் என்பதையும் வரலாறு மறக்கவில்லை. திருமேனிகளிற் சிலவற்றை எடுத்துச் சென்று மறைத்தனர். சிலவற்றை மண்ணிலே புதைத்தனர். கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட தம்பலகாமத்திலே, பச்சை வயல்களின் நடுவே, ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது. மலையிலே நிகழ்ந்த பூசை வயலிலே தொடர்ந்தது. கோணேசர் கல்வெட்டு வகுத்த கடமைகளும் வரிசைகளும் அங்கே பேணப்பட்டன. இன்றைக்கும் தம்பலகாமத்து வேளாளரும் கோயிற் பணியாளரும் தம் உரிமைகளைக் குளக்கோட்டன் காலத்தவை என்றே சொல்லிக்கொள்வர்.

மலையோ கைமாறிக்கொண்டே இருந்தது. 1639ஆம் ஆண்டிலே கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை வென்றனர். 1672இல் பிரெஞ்சுக்காரர் சிலகாலம் துறைமுகத்தைப் பிடித்தனர். 1782ஆம் ஆண்டில் முதலில் ஆங்கிலேயரும் பின்னர்ப் பிரெஞ்சுக்காரரும் கோட்டையைக் கைப்பற்றினர். மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்த கோட்டையை 1795இல் ஆங்கிலேயர் முடிவாகக் கைக்கொண்டனர். 1803ஆம் ஆண்டில் யோர்க்குக் கோமகன் பிரெடரிக்கின் பெயரை அதற்கு இட்டனர். இவ்வரசுகள் ஒவ்வொன்றும் மலையிலே பீரங்கி வைத்தது. ஒவ்வொன்றும் மலையை விட்டுச் சென்றது.

ஒல்லாந்தரின் நினைவாக மலையுச்சியிலே ஒரு தூண் நின்றது. 1687ஆம் ஆண்டு ஏப்பிரில் 24ஆம் நாள் என்ற குறிப்போடு பிரான்சினா வான் றீடே என்னும் மாதின் பெயர் அதிலே பொறிக்கப்பட்டிருந்தது. காதலன் கப்பலேறிப் பிரிந்து செல்வதைக் கண்டு அம்மாது பாறையிலிருந்து கடலில் வீழ்ந்து மாண்டாள் என்று ஆங்கிலேயர் காலத்திலே ஒரு கதை பரவியது. பதிவேடுகளை ஆராய்ந்தோர் அவள் அதன் பின்னரும் உயிரோடிருந்தாள் என்று காட்டியுள்ளனர். கதை பொய்யாயினும் தூண் பொய்யன்று. அத்தூணே பழைய கோயிலின் தூண்களுள் ஒன்று என்று சொல்லப்படுகிறது.

இந்த நீண்ட இடைக்காலத்திலே சைவர்கள் மலையை மறந்தார்களா என்ற கேள்விக்கு விடை கூறுபவர் ஓர் ஆங்கிலேயர். இலங்கையிலே குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் ரெனன்ற் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், தாம் அறிந்த வழிபாடொன்றை வருணிக்கிறார். மாலைப் பொழுதிலே அடியார்கள் பாறையின் ஓரமாகச் செல்லும் ஒடுங்கிய வழியால் கடல்மேல் தொங்கும் மேடையொன்றை அடைவர். அருச்சகர் பாறையின் கடைசி விளிம்பிலே நின்று தீபங்காட்டிப் பூசை செய்வார். பூவும் தேங்காயும் வெற்றிலையும் கீழே அலைகளுக்கு அர்ப்பணிக்கப்படும். கூரையில்லை, மதிலில்லை, கண்ணுக்குப் புலனாகும் திருவுருவமுமில்லை. வீழ்த்தப்பட்ட கோயில் எங்கே கிடக்கிறதோ, அங்கேயே பூசை செலுத்தப்பட்டது. கடலே கருவறையாயிற்று.

பீரங்கிகளுக்கும் காவற்காரருக்கும் நடுவே, அந்நிய அரசின் அனுமதியைக் கேட்டு நின்று, ஒரு தேங்காயும் ஒரு கட்டிக் கற்பூரமும் கொண்டு மலையேறிய அம்மனிதர்களின் பெயர்கள் எச்சாசனத்திலும் இல்லை. 250 வேலி நிலம் அளித்தவர்களின் கொடை கல்லிலே நிற்கிறது. இவர்களின் கொடையைக் கடல் ஏற்றுக்கொண்டது. ஆயினும் கோணேச்சரத்தின் வரலாற்றிலே மிகக் கடினமான திருப்பணியைச் செய்தவர்கள் இவர்களே எனலாம். செல்வமுள்ள காலத்திலே கோபுரம் எழுப்புவது அரசர்க்கு அரியதன்று. ஒன்றுமில்லாத வெற்றுப் பாறையைப் பத்துப் பன்னிரண்டு தலைமுறைகளாகக் கோயில் என்றே கருதி, பிள்ளைகளையும் அவ்வாறே கருதுமாறு கைபிடித்து அழைத்துச் செல்வது அரிது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணும் கடலும் தாம் காத்துவைத்தவற்றைத் திருப்பித் தரத் தொடங்கின. 1950ஆம் ஆண்டிலே நகரத்தில் கிணறு தோண்டியவர்களின் கருவிகள் உலோகத்தின்மேல் பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் முதலிய வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. சோழர்காலச் சிற்ப முறையில் அமைந்த அத்திருமேனிகள் இத்தலத்தின் பழம்பெருமைக்குக் கண்கண்ட சான்றாயின. டாக்டர் பாலேந்திரா 1953ஆம் ஆண்டில் அவற்றைப் பற்றி ஆங்கிலத்திலே எழுதிய கட்டுரை அறிஞருலகின் கவனத்தை ஈர்த்தது. திருமேனிகளைப் புதைத்தவர்கள் மீண்டும் எடுப்போம் என்ற எண்ணத்துடனேயே புதைத்திருப்பர். அவர்கள் எண்ணியது அவர்கள் காலத்திலே கைகூடவில்லை. முந்நூறு ஆண்டுகள் கழித்து, அவர்களை அறியாதவர்களின் கையிலே கைகூடியது.

கடலடியின் செய்தியைக் கொண்டுவந்தவர்கள் இருவரும் அந்நியரே. விஞ்ஞானக் கதைகளாலே புகழ்பெற்ற ஆதர் கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் 1956ஆம் ஆண்டிலே மலையடியில் நீர்மூழ்கி ஆராய்ந்தனர். செதுக்கிய கற்களும் தூண்களும் பாசி படர்ந்து கிடந்தமையை அவர்கள் கண்டனர். அடுத்த ஆண்டு வெளிவந்த கிளார்க்கின் நூலொன்று இச்செய்தியை உலகறியச் செய்தது. கடலிலிருந்து மீட்கப்பட்ட லிங்கமொன்று இன்று கோயிலிலே வழிபடப்படுகிறது என்றும், அதனைக் கண்டெடுத்தவர் வில்சனே என்றும் கூறுவர்.

வில்சனின் பிற்கால வாழ்க்கை இத்தலத்தின் வரலாற்றோடு சேர்த்து நினைக்கத்தக்கது. படப்பிடிப்பிலும் நீர்மூழ்குதலிலும் வல்லவராயிருந்த அவர், 1962ஆம் ஆண்டில் வெளிவந்த முதலாவது வர்ணச் சிங்களத் திரைப்படமாகிய ரன்முத்து தூவவை இயக்கியவர். புகழும் பொருளும் கைவந்த நிலையில் அவர் அவற்றைத் துறந்தார். சுவாமி சிவகல்கி என்ற பெயரோடு துறவியாக வாழ்ந்து 1995ஆம் ஆண்டில் மறைந்தார். கடலடியிலே கண்டது எதுவோ, அது அவருடைய உள்ளத்திலே எவ்வாறு வேலை செய்ததோ, பிறர் அளந்து கூறுதற்கு இயலாது. கப்பலின் புதையலைத் தேடுபவனைப் போன்று நீருள் இறங்கிய ஒருவர், காலப்போக்கில் காவியுடுத்த துறவியாயினார் என்ற அளவே வெளிப்பட்ட செய்தி. பறங்கியர் கடலிலே வீழ்த்திய கற்கள், அதே மேற்றிசையிலிருந்து வந்த ஒருவரைச் சிவனடியாராக்கின என்று அடியார்கள் பேசிக்கொள்வர்.

வெளிப்பட்ட திருமேனிகளைக் கண்ட மக்களின் ஆர்வம் மலையிலே மீண்டும் ஒரு கோயிலை எழுப்புமாறு தூண்டியது. அதன் பயனாக 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. பழைய மூன்று கோயில்களோடு ஒப்பிடின் புதிய கோயில் சிறியது. கோணேசப் பெருமானும் மாதுமையம்மையும் அங்கே எழுந்தருளியிருக்கின்றனர். பின்வந்த பல ஆண்டுகளில் நாட்டிலே நிகழ்ந்த போரும் இம்மலையை விட்டு விலகி நிற்கவில்லை. சோதனைச் சாவடிகளைக் கடந்து, வரிசையிலே காத்துநின்று மலையேறுவது அடியார்க்குப் பழக்கமாயிற்று. 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். தமிழரும் சிங்களவரும், வழிபட வருவோரும் காட்சியை மட்டும் காண வருவோரும் அப்பாதையிலே கலந்து செல்கின்றனர். சிவராத்திரியில் மலை விழித்திருக்கிறது. அதனையடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வருகையில், வீடுதோறும் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து மக்கள் எதிர்கொள்கின்றனர்.

பாறையின் விளிம்பருகே நிற்கும் மரமொன்றிலே சிறு மரத்தொட்டில்கள் பல தொங்குகின்றன. பிள்ளைப்பேறு வேண்டிப் பெண்கள் கட்டியவை அவை. வங்கக் கடற்காற்றிலே அவை ஓயாது ஆடுகின்றன. மகாசேனனையும் சோடகங்கனையும் கொன்ஸ்தந்தீனு த சாவையும் அத்தொட்டிலைக் கட்டிய பெண் அறிந்திருக்கவேண்டும் என்பதில்லை. இவ்விடத்திலே கேட்டால் கிடைக்கும் என்று அவளுடைய தாய் கூறியிருக்கிறாள். தாய்க்கு அவளுடைய தாய் கூறியிருக்கிறாள். அவ்வாறு பின்னோக்கிச் செல்லுமாயின், அச்சொல்லின் தொடர் கோட்டைக்கு முந்திய காலத்தையும், ஒருகால் முதற் கோயிலுக்கு முந்திய காலத்தையும் சென்று தொடும். கற்கள் இருமுறை வீழ்ந்தன, இத்தொடர் அறவில்லை.

மாலைப் பூசை தொடங்குகிறது. சூரியன் மலைக்குப் பின்னே துறைமுகத்தின் பக்கமாகச் சாய்ந்துவிட, கிழக்கே கடல் இருள்கிறது. மணியோசை எழுகிறது. அதனூடே கீழிருந்து அலையோசையும் வருகிறது. ஓதுவார் சம்பந்தர் பதிகத்தைப் பாட, தூரத்திலே வலைப்படகுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. காலையில் வரலாற்றை அறியும் ஆவலோடு கையிலே குறிப்பேடு கொண்டு வந்தவரும், இவ்வேளையில் அதனை மூடிவைத்துவிட்டு மற்றவர்களோடு நிற்கிறார். அருச்சகர் காட்டும் கற்பூரச் சுடர் காற்றிலே சாய்ந்து, அணைவதுபோற் குன்றி, மீண்டும் நிமிர்கிறது. கூடியிருப்போர் கைகள் தலைமேல் உயர்கின்றன. கோயில் இல்லாத நாளிலே பாறை விளிம்பில் நின்றவர்கள் கண்டதும் இச்சுடரையே; அவர்கள் கேட்டதும் இந்த அலையோசையையே.